வெள்ளித்தாளைப் பற்றிப் பேசாத பரீனா டீச்சர்

கலஹா பஸ் பேராதனையைத் தாண்டி ஏற்றத்தில் திரும்பும்போது கைத்தொலைபேசி அடித்தது. பரீனா டீச்சரின் தம்பி மகள் பேசினாள். "சரோஜா டீச்சர், மாமி சுபஹோட மவுத்தாகிட்டாங்க. அஸருக்கு அடக்கம் எடுக்கிறாங்க." நான் "சரிம்மா" என்றேன். விடியற்காலையில் இறந்திருக்கிறார், பின்னேரம் அடக்கம். வேறு என்ன சொல்வது? பக்கத்தில் இருந்தவர் கொழும்புக்குப் போன மகனைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொல்லி முடிக்கட்டும் என்று இரண்டு வளைவுகள் சும்மா இருந்துவிட்டு எழுந்து மணியை அடித்தேன். கொண்டக்டர், "டீச்சர், ஸ்கூலுக்கு இன்னும் தூரம் இருக்கே" என்றார். "இன்னைக்கு ஸ்கூல் இல்லப்பா" என்று சொல்லி இறங்கினேன். எதிர்ப்பக்கம் போய்க் கீழே இறங்கும் பஸ்சுக்காக நின்றபோதுதான் அழுகை வந்தது.

பாடசாலையில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். எழுந்து நின்றால் அழுதுவிடுவேன், இல்லையென்றால் திட்டிவிடுவேன். இரண்டும் அந்த இடத்துக்குச் சரிவராது. ஆகவே எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்தவர்களும், அவரிடம் படித்தவர்களும், அவரைப் பற்றித் தேயிலைத் தோட்டத்தில் வாய்க்கு வந்ததைப் பேசியவர்களும் இதைப் படிக்க வேண்டும். கடைசியாக நான் சொன்னவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

பரீனா டீச்சர் எங்கள் பாடசாலையில் மனையியல் படிப்பித்தார். கண்டியில், கெட்டம்பேக்குப் பக்கத்தில் வீடு. கணவர் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அவருடைய பழைய சின்னக் காரை டீச்சரே ஓட்டிக்கொண்டு மலை ஏறி வருவார். நான் பேராதனைச் சந்தியில் ஏறிக்கொள்வேன். ஹந்தானைத் தோட்ட லயத்தில் பிறந்து பஸ்சிலேயே வளர்ந்த எனக்கு, தினமும் காரில் வேலைக்குப் போவது முதலில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தக் கூச்சம் முதல் கிழமையிலேயே போனது, ஏனென்றால் அந்தக் கார் பாதி நாள் வழியில் நின்றது.

முதல் தடவை நின்றது ஹோர்ன் வேலை செய்யாததால். கலஹா றோட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஹோர்ன் அடிக்காமல் அந்த வளைவுகளில் திரும்புவது எதிரே வரும் பஸ்சுக்குத் தலையைக் கொடுப்பது. டீச்சர் ஓரமாக நிறுத்தினார். சாவியை அமத்தினார். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஒரு கறுப்பு மூடியைக் கழற்றினார். மூடியின் உட்பக்கத்தில் சின்னச் சின்னப் படம்: எது ஹோர்னுக்கு, எது லைட்டுக்கு, எது வைப்பருக்கு என்று. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் படத்தைப் பொறுமையாக வாசித்தார். பிறகு கைப்பையைத் திறந்து புருவம் பிடுங்கும் சாமணத்தை எடுத்தார். "டீச்சர், இப்ப புருவமா?" என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சாமணத்தால் ஒரு பியூசைப் பிடித்து இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நிறக்கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள்ளே மெல்லிய கம்பி ஒன்று அறுந்து, அறுந்த இடம் கரிந்து கிடந்தது. "பார்த்தீங்களா சரோஜா, இது செத்துப்போச்சு. ஆனா கொன்னது யாரு எண்டு இன்னும் தெரியாது" என்றார்.

அவர் வழி அதுதான். செத்த பியூசின் நிறமும் எண்ணும் என்னவோ, அதே நிறம், அதே எண் உள்ளதைத்தான் போடுவார். போட்டதும் ஓட்ட மாட்டார். ஹோர்னை அடித்துப் பார்ப்பார். மறுபடியும் போனால் இன்னொன்றைப் போட்டுக் காசை எரிக்கிற பேச்சே இல்லை. எங்கேயோ வயர் உரசுகிறது என்று தேடத் தொடங்கிவிடுவார். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பியூசும் சில வேளை உள்ளே முறிந்திருக்கும் என்று, சின்ன பல்ப் ஒன்றில் இரண்டு வயரை ஒட்டி வைத்திருந்தார். ஒரு வயரைக் காரின் இரும்பில் பிடித்து, மற்றதைப் பியூசின் இரண்டு காதிலும் மாற்றி மாற்றித் தொடுவார். இரண்டிலும் எரிந்தால் நல்லது, ஒன்றில் மட்டும் எரிந்தால் போனது. நான் பக்கத்துச் சீட்டில் இருந்து நேரத்தைப் பார்த்துப் பதறுவேன். "பெல் அடிக்கப் போகுது டீச்சர்." அவர், "பெல் நம்மள விட்டுட்டு எங்கயும் போகாது, ஸ்கூல்லதான் ஈக்கி" என்பார். இருக்கிறது என்பதை அவர்கள் வீட்டில் 'ஈக்கி' என்பார்கள். நான் அதைச் சொல்லிக் கேலி செய்வேன். "நீங்க 'இருக்குதுங்க'ன்னு இழுக்கிறதுக்குள்ள நான் ரெண்டு பியூஸ் மாத்திருவேன்" என்று அவர் திருப்பிக் கொடுப்பார். அப்படித்தான் எங்கள் காலைகள் போயின.

அந்தக் காரில் ரேடியோ பாடாது. ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். கணவர் மவுத்தாகி, விதவைகள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்து அவர் முதல் முதலாக வெளியே வந்து காரைக் கிளப்பினாராம். கணவர் கடைசியாகப் போட்டிருந்த பாட்டுச் சேவை தானாகவே பாடத் தொடங்கியதாம். ரேடியோவை அமத்தாமல், மூடியைக் கழற்றி, ரேடியோவுக்குரிய நீலப் பியூசைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாராம். "அமத்தினா நாளைக்கு வேற யாராச்சும் போட்டிருவாங்க. இது எண்டா நான் நினைச்சாத்தான் பாடும்" என்றார். அதன்பிறகு நான் அந்த ரேடியோவைப் பற்றிக் கேட்டதில்லை. அந்த நீலப் பியூஸ் அவருடைய பணப்பையில், அடையாள அட்டைக்குப் பின்னால் இருந்தது.

ஒரு தடவை கராஜ்காரர் ஒருவர், பியூஸ் அடிக்கடி எரிந்து போகும் இடத்தில் பெரிய எண்ணுள்ள பியூசைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "இனி ஜென்மத்துக்கும் போகாது" என்று சொன்னார். டீச்சர் அவர் கண் முன்னாலேயே அதைப் பிடுங்கி அவர் கையில் வைத்தார். "பியூஸ் போகாது தம்பி. வயர் போகும். நாங்க உள்ளுக்கு ஈக்கிறோம்" என்றார். அந்த மனிதர் முகம் சுருங்கிப் போனது. வரும் வழியில் எனக்கே அது கொஞ்சம் கூடிப்போனதாகத் தோன்றியது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டுக்காக மனிதரை இப்படியா அவமானப்படுத்துவது என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அந்தப் பிளாஸ்டிக் துண்டு என்ன செய்யும் என்று பார்த்தேன். இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

மழைக்காலம். பரீட்சை வேலை எல்லோர் தலையிலும் ஏறி இருந்தது. முந்தின கிழமை வைப்பர் பியூஸ் ஒரு தடவை போனது. டீச்சர் புதிதாக ஒன்றைப் போட்டார். வைப்பர் ஓடியது. விடைத்தாள் திருத்த வேண்டும் என்ற அவசரத்தில், இந்த ஒரு தடவை மட்டும் அவர் காரணத்தைத் தேடவில்லை. இதை நான் சொல்லவில்லை. பிறகு அவரே பல தடவை சொன்னார்.

அன்று பாடசாலை விட்டு நாங்கள் கேற்றைத் தாண்டியபோது மேலே தேயிலை மலையில் இருந்து கூச்சல் கேட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டிவிட்டது. மற்றவர்கள் ஓடித் தப்பிவிட்டார்கள். ராஜேஸ்வரி என்பவர் தண்ணீர்க் கானுக்குள் விழுந்துவிட்டார். குளவி முழுவதும் அவர் மேல். கம்பளியில் கிடத்தி றோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகம் முகமாக இல்லை. மூச்சு விசில் போல வந்தது. அவருடைய கணவர் தங்கராசு, தோட்டத்து ட்ரக்டர் ஓட்டுபவர், ஓடி வந்தார். ட்ரக்டரில் ஏற்றினால் குலுக்கலிலேயே உயிர் போய்விடும். லொறி கொழுந்தோடு போய்விட்டது. டீச்சர் இறங்கி, பின் சீட்டில் இருந்த விடைத்தாள் கட்டுகளை எடுத்து றோட்டு ஓரத்துப் புல்லில் எறிந்தார். "ஏத்துங்க" என்றார். தங்கராசு பின்னால் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் முன்னால்.

பாதி வழியில் மழை கொட்டியது. வைப்பர் நின்றது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் நிறுத்தி, பையில் இருந்த மஞ்சள் பியூசைப் போட்டார். வைப்பரை முறுக்கியதும் அது போனது. சின்னதாக ஒரு 'டிக்' சத்தம் எனக்கே கேட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வயர் எங்கயோ இரும்புல தொடுது. இனி எதப் போட்டாலும் நிக்காது" என்றார். பிறகு, "சரோஜா, கண்ணாடிய இறக்கிட்டு வெளிய கைய நீட்டித் தொடைங்க. நான் மெதுவா ஓட்டுறன். மெதுவாப் போனாலும் போய்ச் சேருவோம்" என்றார். நான் சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் எடுத்தேன்.

பின்னால் இருந்து தங்கராசு கத்தினார். "மெதுவா போறதா? என் பொஞ்சாதி சாகுது டீச்சர். நீங்க படம் பாத்துக்கிட்டு, மெதுவா போறோம்ங்கிறீங்க." மனைவியின் தலையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி முன்னால் வந்தார். சட்டைப் பையில் இருந்து சிகரட் பெட்டியை எடுத்து உள்ளே இருந்த வெள்ளித்தாளை உரித்தார். "எங்க ட்ரக்டர்ல எல்லாம் இப்படித்தான் ஓடுது. நகருங்க." செத்த பியூசை எடுத்து வெள்ளித்தாளைச் சுற்றினார். டீச்சர், "வேணாம் தங்கராசு, பத்திக்கும். உங்க பொஞ்சாதி உள்ள ஈக்காங்க" என்று அவர் கையைப் பிடித்தார். முஸ்லிம் பெண், அந்நிய ஆணின் கையைப் பிடித்தார். அதைத்தான் நான் மறக்கவில்லை. அவர் உதறினார். பின் சீட்டில் ராஜேஸ்வரியின் விசில் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. டீச்சர் கையை எடுத்துக்கொண்டார். தங்கராசு அந்தப் பியூசைத் தள்ளி அழுத்தினார். வைப்பர் ஓடியது. "பாத்தீங்களா" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

வேகமாகப் போனோம். சில வளைவுகள்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்து றப்பர் எரிகிற மணம் வந்தது, பிறகு புகை. டீச்சர் சாவியை அமத்தி, எல்லோரும் இறங்குங்கள் என்றார். ராஜேஸ்வரியை மழையில் தூக்கி இறக்கினோம். பியூசைப் பிடுங்கப் போன டீச்சரின் விரல் வெந்தது. வைப்பர் வயரோடு சேர்ந்து பக்கத்து வயர்களும் உருகி ஒட்டிப் போயிருந்தன. கார் திரும்பக் கிளம்பவில்லை. பஸ் வரும் வரைக்கும் அந்த மழையில், கம்பளியை மேலே பிடித்துக்கொண்டு, நான்கு பேரும் நின்றோம். மூன்று பேர் நின்றோம், ஒருவர் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் ராஜேஸ்வரி இறந்துவிட்டார். இளம் டொக்டர் ஒருவர், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னார். முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு வசனம் ராஜேஸ்வரியின் உடலுக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டீச்சரின் ஓட்டைக் கார் வழியில் நின்றுவிட்டது, அதனால்தான் செத்தாள். டீச்சர் றோட்டில் நிறுத்தி வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால்தான் செத்தாள். அப்படித்தான் பேச்சு. வெள்ளித்தாளைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒன்றும் இல்லை. அதை அறிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் தங்கராசு. அவர் வாயைத் திறக்கவில்லை.

நான் திறக்கப் போனேன். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வரும்போதே, லயத்து முனையில் நின்று அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல இருந்தேன். டீச்சர் கட்டுப்போட்ட விரலோடு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பஸ்சில் ஏறிய பிறகு சொன்னார்: "அந்த மனுசனுக்கு ரெண்டு புள்ளைங்க. வாப்பாதான் உம்மாவ சாகடிச்சது எண்டு நினைச்சுக்கிட்டு அதுங்க எப்படி அந்த ஒரே காம்பராவுக்குள்ள படுத்து எழும்பும்? என்னப் பத்தி நினைச்சா நினைக்கட்டும். நான் அவங்க வீட்டுல இல்லியே." நான் சண்டை பிடித்தேன். நீங்கள் என்ன தியாகியா என்று கேட்டேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு, "அவர் வெள்ளித்தாளப் போட்டார். போன கிழம நான் போட்டது மட்டும் என்னா? நானும் தேடாமத்தானே போட்டேன்" என்றார். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் இடமாற்றம் கேட்டு நகரத்துக்குப் போயிருப்பார்கள். அவர் காரின் வயர்களை மாற்றி, உரசிய இடத்தைக் கண்டுபிடித்து றப்பர் சுற்றி, மறுபடியும் அதே மலைக்கு வந்தார். ராஜேஸ்வரியின் மூத்த மகள் கௌசல்யா அவருடைய வகுப்பில் இருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. தாய் போன பிறகு மனையியல் பாடத்தில் மட்டும் பின் வரிசை வாங்கில் போய் இருந்தாள். ஒரு நாள் கொப்பியைத் திருத்திக் கொடுத்தபோது, வகுப்பு முழுக்கக் கேட்க, "எங்கம்மாவக் கொன்னவங்க போடுற மார்க் எனக்கு வேணாம்" என்றாள். நான் அடுத்த வகுப்பில் இருந்தேன். இடையில் பலகைத் தட்டிதான். வெண்கட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரி மகள். கொப்பிய வச்சிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். வாசலில் நின்ற என்னைப் பார்த்துத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அந்தப் பிள்ளை பாடசாலையை விட்டுப் போகும் வரைக்கும், அவள் வாங்க மறுத்த கொப்பிகளை எல்லாம் ஒன்று விடாமல் திருத்தி வைத்தார்.

ஒரு மாலை நாங்கள் காருக்கு வந்தபோது பின் கண்ணாடிப் புழுதியில் யாரோ விரலால் 'கொலைகாரி' என்று எழுதியிருந்தார்கள். நான் தலைப்பை எடுத்துத் துடைக்கப் போனேன். "விடுங்க, மழை வரும்" என்றார். மழை வர மூன்று நாளானது. அந்த மூன்று நாளும் அந்த எழுத்தோடு கெட்டம்பேயில் இருந்து தோட்டத்துக்கும், தோட்டத்தில் இருந்து கெட்டம்பேக்கும் ஓட்டினார். பேராதனையில் பின்னால் வந்த வாகனங்கள் எல்லாம் வாசித்திருக்கும். இந்த மனுசி எதற்கு இப்படித் தன்னையே வதைக்கிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் தீரவில்லை.

தங்கராசு எங்கள் காரைக் கண்டால் ட்ரக்டரை ஓரத்தில் ஒதுக்கி வழி விடுவார். ஏற்றத்தில் அவருக்குத்தான் வழி, என்றாலும் ஒதுக்குவார். ஆனால் இந்தப் பக்கம் பார்க்க மாட்டார். டீச்சர் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன ஹோர்ன் அடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

நோய் வந்தபோது அதையும் அவர் சீக்கிரம் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தபோது டொக்டர்மாருக்குச் செய்ய அதிகம் இல்லை. கடைசி மாதங்களில் கார் வீட்டு முற்றத்திலேயே நின்றது. நான் பார்க்கப் போனபோது பணப்பையை எடுத்துத் தரச் சொன்னார். நீலப் பியூசை வெளியே எடுத்து என் கையில் வைத்தார். "இது எரிஞ்சது இல்ல சரோஜா. நல்லது" என்றார். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்ய வேணாம். வச்சுக்கங்க. கைப்பையில சாமணம் ஈக்கி, அதையும் எடுத்துக்கங்க" என்றார். மூச்சு வாங்கியது. பிறகு, "அந்தப் புள்ள இன்னும் அந்தக் கடையிலதானா வேல செய்யுது?" என்று கேட்டார். கௌசல்யாவின் பெயரைச் சொல்லவில்லை. கண்டி டவுனில் அதே துணிக்கடையில்தான் என்றேன். "ஒருக்கா அந்தப் பக்கம் போனேன். என்னக் கண்டதும் உள்ளுக்குப் போயிருச்சு" என்றார். அவர் குறை சொல்லவில்லை, செய்தி சொன்னார்.

அடக்கத்தன்று வீடு நிறையச் சனம். நாங்கள் பெண்கள் உள்ளே இருந்தோம். ஜனாஸாவை, டீச்சரின் உடலை, எடுக்கிற நேரம் முற்றத்தில் ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பதைப் பார்த்தேன். தங்கராசு. தலை நரைத்து, ஆள் பாதியாகிப் போயிருந்தார். பக்கத்தில் கௌசல்யா, கடைச் சீருடையோடு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நேரே போனேன். என்ன கேட்டிருப்பேன் என்று தெரியாது. நான் வாயைத் திறக்க முன்னால் அவர் சொன்னார்: "அந்தத் தாள சுத்திப் போட்டது நான்தானே டீச்சர். அவங்க வேணாம்னு கையப் புடிச்சாங்க. இன்னைக்குக் காலையில இவகிட்ட சொல்லிட்டேன். ஏன் சொன்னீங்கன்னு அவங்க கேக்க மாட்டாங்க, இனி." பிறகு, "நீங்க எல்லாருக்கும் சொல்லுங்க டீச்சர். எம் பேரைச் சொல்லியே சொல்லுங்க" என்றார். "இத்தன காலம் எங்கய்யா போயிருந்தீங்க?" என்று கேட்டேன். பதில் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவரும் பின்னால் போனார். மையவாடியில் அவரும் ஒரு பிடி மண் போட்டார் என்று டீச்சரின் தம்பி பிறகு சொன்னார். கௌசல்யா, "நாம போகக் கூடாதா டீச்சர்?" என்று கேட்டாள். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் போவதில்லை என்றேன். முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் அவள் பிந்திவிட்டாள். மூடிய பிறகுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். பிறகு, "நான் அன்னிக்கு வகுப்புல சொன்னது... டீச்சர் மறந்திருப்பாங்கதானே?" என்று கேட்டாள். ஆம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அதுதான் தேவைப்பட்டது. எனக்கு அந்த வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு பொய் வரவில்லை. "இல்ல கௌசல்யா. மறக்கல" என்றேன்.

அவள் அழவில்லை. முற்றத்து மூலையில் நின்ற காரைப் பார்த்தாள். மாதக் கணக்காக ஓடாமல் புழுதியும் மாவிலைச் சருகும் ஏறிக் கிடந்தது. "பின் கண்ணாடியில எழுதினது நான்தான் டீச்சர்" என்றாள். போய்த் தன் கழுத்துத் துணியை எடுத்து அந்தப் பின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள். அங்கே எழுத்து ஒன்றும் இல்லை. எப்போதோ பெய்த மழையில் அது போய்விட்டது. வெறும் புழுதிதான். அவள் துடைத்தாள், துணி கறுத்த பிறகும் துடைத்தாள். டீச்சரின் தம்பி மகள் தண்ணீர் வாளி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

பரீனா டீச்சரிடம் இருந்து எனக்குக் கிடைத்தவை ஒரு நீலப் பியூசும், புருவச் சாமணமும், போனதைக் கண்டால் கொன்றது எது என்று தேடும் புத்தியும். இவற்றை வைத்துக்கொள்கிறேன். அவர் வாங்கிய வாக்கு ஒன்றும் என்னிடம் இருந்தது. அதை இன்று உடைத்துவிட்டேன். தங்கராசு சொல்லச் சொன்னார் என்பதற்காக இல்லை. டீச்சர் உயிரோடு இருந்திருந்தால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருப்பார். இப்போது பிடிக்க ஆள் இல்லை.